முயற்சிக்கு நன்றி, அக்கா

என் கோபத்தைப் பற்றித் தென்காசியில் தெரியாதவர்கள் குறைவு. காய்கறிக் கடையில் தராசு ஆடினால் கத்துவேன், பஸ்ஸில் மிச்சச் சில்லறை தராவிட்டால் கத்துவேன், வீட்டில் காரணமே வேண்டாம். ஆனால் நான் இங்கே எழுதப்போவது கத்தாமல் செய்த ஒரு காரியத்தை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

நான் அரசுத் தேர்வுக்கு வகுப்பு எடுக்கிறவன். குரூப் ஃபோர் எழுதுகிறவர்கள்தான் பெரும்பாலும் வருவார்கள். கொரோனா வந்தபோது வேறு வழியில்லாமல் கணினித் திரைக்கு மாறினேன். ஊரடங்கு போனது, வகுப்பு திரையிலேயே தங்கிவிட்டது. ஆலங்குளத்துக்காரன் பஸ் ஏற வேண்டாம், சிவகிரியில் இருப்பவள் கைக்குழந்தையை யாரிடமும் விட்டுவிட்டு வர வேண்டாம். காலை ஐந்தரைக்குத் தொடங்கி ஏழுக்கு முடிப்பேன். வீட்டு மாடியறையில் ஒரு மேசை, ஒரு கணினி, ஒரு வெள்ளைப் பலகை. நூறு பேருக்குக் குறையாமல் வந்து உட்காருவார்கள். உட்காருவார்கள் என்ன, பாதிப் பேர் போர்வைக்குள் படுத்துக்கொண்டு கேட்பார்கள்.

பாடம் நடத்துவதோடு என் வேலை முடியாது. விண்ணப்பம் போடுவதும் நான்தான். இந்தப் பக்கத்தில் தேர்வு வகுப்பு எடுக்கிற பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். பிள்ளைகளே போட்டால் சாதிச் சான்றிதழ் எண்ணில் ஒரு சுழியை விட்டுவிடுவார்கள், பிறந்த தேதியில் மாதத்தையும் நாளையும் மாற்றிப் போடுவார்கள். ஒரு பிழை போதும், வருஷ உழைப்பு போச்சு. ஆகவே சான்றிதழ் நகல்களை வாங்கி வைத்துக்கொண்டு நானே போட்டுவிடுவேன். கைபேசி எண் கேட்கிற இடத்தில் என் எண்ணையே கொடுப்பேன், ஏனென்றால் இவர்கள் ரீசார்ஜ் தீர்ந்தால் எண்ணையே மாற்றிவிடுகிற ஆட்கள். கடவுச்சொல்லும் என்னிடம்தான் இருக்கும். அவர்கள் படித்தால் போதும். "சார் போட்டுருவாவ" என்றால் எங்கள் வகுப்பில் அதற்கு மேல் பேச்சில்லை.

அந்தக் கார்த்திகையில் வகுப்பில் ஒரு சண்டை நடந்தது. பாளையக்காரர்கள் பற்றி ஒரு கேள்வி கேட்டிருந்தேன். ஆலங்குளத்துப் பையன் ஒருவன் பதில் சொன்னான். மாதிரித் தேர்வில் எப்போதும் முதலில் வருகிறவன், அதனால் வாய் கொஞ்சம் நீளம். சிவகிரியிலிருந்து போலீஸ் வேலைக்கும் சேர்த்துப் படித்துக்கொண்டிருந்த இன்னொருவன் அது தப்பு என்றான். "ஏலே, ஒனக்கு என்னலே தெரியும்?" என்று இவன் கேட்டான். அவன் இவன் அப்பாவை இழுத்தான். இவன் அவன் ஊரையே இழுத்தான். அரட்டைப் பெட்டியில் ஒரு நிமிடத்தில் வந்து விழுந்த வார்த்தைகளை நான் என் வாழ்நாளில் சுவரில்கூட வாசித்ததில்லை. பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி வகுப்பில் இருக்கிறாள், கல்யாணமான பெண்கள் இருக்கிறார்கள். எனக்கு வந்ததே ஒரு கோபம், மொத்த வகுப்பையும் அணைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

மறுநாள் விதிகளோடு வந்தேன். யாரையும் ஒருமையில் பேசக்கூடாது, வயதுக்குத் தக்கபடி அண்ணன், அக்கா, தம்பி, தங்கச்சி. ஒருத்தர் பேசும்போது குறுக்கே விழக்கூடாது. பின்னால் சத்தம் இருக்கிறவர்கள் மைக்கைத் திறக்காமல் எழுதித்தான் பதில் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும்விட நான் பெருமையாக நினைத்த விதி ஒன்று உண்டு. யாராவது தப்பாகப் பதில் சொன்னால் "தப்பு" என்று யாரும் சொல்லக்கூடாது, சிரிக்கக்கூடாது, "முயற்சிக்கு நன்றி" என்று மட்டும் சொல்ல வேண்டும். பயந்தாங்கொள்ளிகள் வாயைத் திறக்கட்டும், தப்பாகச் சொன்னாலும் யாரும் கேலி செய்யமாட்டார்கள் என்கிற தைரியம் வரட்டும் என்றுதான் வைத்தேன். சத்தியமாக அதற்குத்தான் வைத்தேன்.

இரண்டு வாரம் வகுப்பு கோவில் மாதிரி இருந்தது. ஆலங்குளத்தானும் சிவகிரிக்காரனும் "அண்ணன் சொன்னதை மதிக்கிறேன்", "தம்பி சொன்னது யோசிக்க வேண்டியது" என்று இழைந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பார்க்கிறவர்களிடம் எல்லாம் என் விதிகளைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அப்போதுதான் குற்றாலத்துக்காரி ஒருத்தி வகுப்பில் சேர்ந்தாள். வகுப்பில் நான் அவளை "நீங்க", "வாங்கம்மா" என்றுதான் அழைத்தேன். மனதுக்குள் அவள்தான். இங்கே எதற்குப் பொய், அவள் என்றே எழுதுகிறேன். மெயினருவிக்குப் போகிற வழியில் அவளுக்கு ஒரு துண்டுக் கடை. துண்டு, சோப்பு, சீயக்காய், குளிக்க வருகிறவர்கள் மறந்துவிட்டு வருகிற ஜட்டி, பனியன், இதுதான் சரக்கு. பன்னிரண்டாவது முடித்துவிட்டுக் கல்யாணமாகி, இரண்டு பிள்ளைகள் பெற்று, அதெல்லாம் முடிந்த பிறகு வேலைக்குப் படிக்க வந்தவள். சேரும்போதே போனில் சொன்னாள்.

"சார், எனக்கு இந்த ஒரு பரீச்சதான் இருக்கு. இத விட்டா வயசு தாண்டிரும். அதான் மொதல்லயே சொல்லிருதேன்."

"கவலப்படாதீங்கம்மா. படிங்க. பேசிப் பழகுங்க. தப்பாச் சொன்னாலும் பரவாயில்ல, வாயத் திறங்க. வாயத் திறந்தாத்தான் பயம் போகும்" என்றேன்.

அதை அவள் அப்படியே பிடித்துக்கொண்டாள். எந்தக் கேள்வி கேட்டாலும் முதலில் அவள் மைக்தான் திறக்கும். அவளுக்கு எழுதிப் பதில் சொல்ல முடியாது. சின்னப் போன், உடைந்த திரை, கையில் எப்போதும் ஈரம். தமிழில் ஒரு வரி எழுதுவதற்குள் நாங்கள் மூன்று கேள்வி தாண்டிவிடுவோம். அதனால் விதியையும் மீறி மைக்கைத் திறந்துவிடுவாள். அது ஐயப்பன் சீசன். விடியற்காலையில்தான் சாமிமார் கூட்டம் கூட்டமாகக் குளிக்க வருவார்கள். அவள் மைக் திறந்தால் "சாமியே" என்று ஒரு கூட்டம், "சரணம் ஐயப்பா" என்று ஒரு கூட்டம், நடுவில் வேன் ஹாரன், அதற்கும் நடுவில் குடியரசுத் தலைவர் தேர்தல்.

"சார், நான் சொல்லுதேன். குடியரசுத் தலைவர நாமதான் ஓட்டுப் போட்டு... சாமி, அந்தத் துண்டு சாயம் போவாது, எடுத்துப் பாருங்க, வெலயப் பொறவு பேசுவோம்... ஓட்டுப் போட்டு எடுக்கோம் சார்."

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. மைக்கை அடைத்துக்கொண்டு சிரித்தேன். விதி வைத்தவன் அல்லவா, வெளியே சிரிக்க முடியாது. வகுப்பும் சிரிக்க முடியாது. அதனால் ஆலங்குளத்தான் எழுதினான்: "முயற்சிக்கு நன்றி, அக்கா." கும்பிடுகிற கை ஒன்று பக்கத்தில். அடுத்தவன் எழுதினான். அதற்கடுத்தவள் எழுதினாள். ஒரு நிமிடத்தில் திரை முழுக்க நன்றியும் கும்பிடுமாக ஓடியது.

அவள் அதை நிஜமென்று நம்பினாள். ஈரக் கையால் தட்டித் தட்டி ஒவ்வொருத்தருக்காகப் பதில் போட்டாள். "nandri thambi." "nandri thangachi." அவள் பதினைந்தாவது நன்றியைப் போட்டுக்கொண்டிருந்தபோது நாங்கள் நாடாளுமன்றத்தை முடித்துவிட்டு நீதிமன்றத்துக்குப் போயிருந்தோம்.

அதற்குப் பிறகு அது ஒரு விளையாட்டாகிவிட்டது. விதியை யாரும் மீறவில்லை, அதுதான் கொடுமை. யாரும் ஏசவில்லை, யாரும் ஒருமையில் பேசவில்லை. "அக்கா பதில் சொன்னாத்தான் எங்களுக்கு நாள் விடியும்" என்பான் ஒருவன். "அக்காவின் கோணம் புதுமையாக இருக்கிறது, சிந்திக்க வைக்கிறது" என்பாள் இன்னொருத்தி. மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. கல்யாண வீட்டில் வாசலில் நின்று பன்னீர் தெளிக்கிற மாதிரி தெளித்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்குக் கேலி பேச நல்ல தமிழ் சொல்லிக்கொடுத்தது என் விதிகள்தான்.

எனக்குத் தெரியாதா? மூன்றாம் நாளே தெரியும். கண்ணிருந்தும் குருடன் என்று சொல்லித் தப்பிக்க நான் தயாரில்லை. தெரிந்தது, பிடித்தும் இருந்தது. வகுப்பு கலகலப்பாக இருந்தது. முன்பெல்லாம் ஆறரைக்கே பாதிப் பேர் நழுவிவிடுவார்கள், இப்போது ஏழு வரை இருந்தார்கள். வரலாறு நடத்தி வகுப்பு தூங்கி வழிகிறது என்று தெரிந்தால் நானே கூப்பிடுவேன். "எங்க, நம்ம குத்தால அக்கா என்ன சொல்லுதாங்கன்னு கேப்போம்." கூப்பிட்டுவிட்டு வேண்டுமென்றே முடிச்சுள்ள கேள்வியாகக் கொடுப்பேன். மற்றவர்களிடம் எந்த ஆண்டு என்று கேட்டால் அவளிடம் எதனால் என்று கேட்பேன். அவள் திணறுவாள், நன்றி மழை பொழியும், எல்லோரும் விழித்துக்கொள்வார்கள். நான் பாடத்தைத் தொடருவேன். சபையில் ஒருத்தியை நிறுத்தி வைத்து வேடிக்கை காட்டிப் பிழைத்தேன். இதற்கு வேறு பெயர் இருந்தால் சொல்லுங்கள்.

சிவகிரிக்காரன், வாய்த்துடுக்கு என்று நான் ஒதுக்கி வைத்தவன், ஒருநாள் வகுப்பு முடிந்ததும் தனியாகப் போன் பண்ணினான்.

"சார், அந்த அக்காவ எல்லாரும் கேலி பண்ணுதானுவ. நீங்க ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"கேலியா? யாரு ஏசினா? யாரு மரியாதக் குறைவாப் பேசுனா, சொல்லு பாப்போம்."

"ஏசல்ல சார். ஆனா..."

"பின்ன என்ன ஆனா? நீ அன்னைக்குப் பேசுன பேச்சுக்கு இது எவ்வளவோ தேவல. போய்ப் படி" என்று வைத்துவிட்டேன். அவன் அப்புறம் பேசவில்லை.

அவளோ நாளுக்கு நாள் தேறிக்கொண்டு வந்தாள். அது எங்கள் யார் கண்ணிலும் படவில்லை. மாதிரித் தேர்வுத் தாளைத் திருத்தும்போது எனக்கு மட்டும் தெரிந்தது. தையில் பாதிக்கும் கீழே எடுத்தவள் மாசியில் முக்கால் பங்கு எடுத்திருந்தாள். கணக்குப் பாடத்தில் ஆலங்குளத்தானுக்கு அடுத்து அவள்தான். முதல் பத்துப் பேரை வகுப்பில் வாசிப்பது வழக்கம். அந்த மாதம் நான் முதல் ஐந்து பேரோடு நிறுத்திக்கொண்டேன். அவள் ஏழாவது. ஏன் நிறுத்தினேன் என்று அப்போது கேட்டிருந்தால் நேரமில்லை என்று சொல்லியிருப்பேன். உண்மை என்னவென்றால், அவள் பெயரை வாசித்துவிட்டால் விளையாட்டு கெட்டுப்போகும்.

பங்குனியில் தேர்வு அறிவிப்பு வந்தது. எல்லோரும் சான்றிதழ் நகல்களை அனுப்பினார்கள். அவள் தென்காசிக்கு வந்த யாரிடமோ கொடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, மேலே தன் பெயரையும் பிறந்த தேதியையும் பெரிய எழுத்தில் எழுதி அனுப்பியிருந்தாள். பிறந்த தேதியின் கீழே இரண்டு கோடு வேறு. போனில் ஒருமுறை நினைவுபடுத்தினாள்.

"சார், என் வயசு விசயம் உங்களுக்குத் தெரியும்லா? இதுதான் கடைசி."

"தெரியும்மா. போட்டுருதேன். நீங்க படிங்க."

அந்த வாரத்திலேயே அது நடந்தது. அரசியலமைப்புச் சட்டத்தைத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தோம். "தீண்டாமையை ஒழிக்கிற பிரிவு எது?" என்று கேட்டேன். அவள் மைக் திறந்தது. அவள் வாயைத் திறக்கும் முன்பே ஆலங்குளத்தான் எழுதினான்: "முயற்சிக்கு நன்றி, அக்கா." உடனே நாற்பது ஐம்பது பேர் அதையே எழுதினார்கள். திரை ஓடிக்கொண்டே இருந்தது.

"நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலையே?" என்றாள் அவள்.

 பதிலுக்கு அரட்டைப் பெட்டியில் கண்ணில் நீர் வரச் சிரிக்கிற பொம்மை முகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. என் திரையில் அவளுடைய கட்டத்தில் எப்போதும் போல வரிசையாகத் தொங்குகிற துண்டுகள்தான் தெரிந்தன. அருவி இரைச்சல்கூட இல்லை, பங்குனியில் தண்ணீர் ஏது. அவளுக்கு அப்போது எல்லாம் புரிந்திருக்க வேண்டும். கார்த்திகையிலிருந்து தனக்குக் கிடைத்த நன்றிகளை எல்லாம் ஒருதரம் நினைத்துப் பார்த்திருப்பாள். ஆனாலும் மைக்கை அடைக்கவில்லை. நிதானமாக, ஒரு சொல்லும் தடுமாறாமல் சொன்னாள்.

"பதினேழாவது பிரிவு சார்."

எனக்குத் தெளிவாகக் கேட்டது. ஆனால் என் வாய் அதற்கு முன்பே பழக்கத்தில் போய்விட்டது. "முயற்சிக்கு நன்றிம்மா. அடுத்தவங்க சொல்லுங்க."

ஆலங்குளத்தான் சொன்னான்: "பிரிவு பதினேழு, சார்."

"சபாஷ்!" என்றேன்.

"சார், நானும் அதத்தான சொன்னேன்" என்றாள்.

அந்த இடத்தில் "ஆமாம்மா, என் தப்பு" என்று சொல்ல எத்தனை நொடி ஆகும்? சொல்ல வரவில்லை. நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், ஒரு துண்டுக்கடைக்காரி என்னைத் திருத்துகிறாள். மூக்கின் மேல் உட்கார்ந்திருக்கிற கோபம் எழுந்துகொண்டது. ஆனால் நான் மரியாதைக்காரன் அல்லவா, குரலை உயர்த்தவில்லை.

"பின்னால சத்தம் இருக்கறவங்க எழுதித்தான் சொல்லணும்னு விதி இருக்கும்மா. எல்லாருக்கும் பொதுவான விதி. வகுப்புல வாதம் வேண்டாம், மரியாதை முக்கியம்."

சொல்லிவிட்டு அவள் மைக்கை நானே அடைத்தேன். நடத்துகிறவன் கையில் அதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது. அவள் அதன் பிறகும் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன், துண்டுகள் அசைந்தன. சற்று நேரத்தில் அந்தக் கட்டம் காணாமல் போனது. ஆலங்குளத்தான் எழுதினான்: "அக்காவின் பங்களிப்பை என்றும் மறவோம்." அன்றைக்கும் நான் அவனை ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. எனக்கு அவமானமாக இல்லை, எரிச்சலாக இருந்தது. கொழுப்பைப் பாரேன், ஒரு போன் பண்ணி "சார், வரமாட்டேன்" என்று சொல்லத் தெரியாதா? என்னிடம் படித்தவர்கள் யாரும் சொல்லாமல் கொள்ளாமல் போனதில்லை. வரட்டும், வந்து கேட்கட்டும் என்று இருந்தேன். வாட்ஸாப் குழுவில் மட்டும் அவள் எண் அப்படியே இருந்தது. நான் போடுகிற குறிப்புகளையும் வகுப்புப் பதிவுகளையும் அவள் திறந்து பார்க்கிறாள் என்று தெரியும். அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விண்ணப்பங்கள் போட உட்கார்ந்தேன். ஒவ்வொரு உறையாக எடுத்துப் போட்டுக்கொண்டே வந்தேன். அவளுடைய பிளாஸ்டிக் உறை வந்தது. எடுத்தேன். பெயரையும் இரண்டு கோடு போட்ட தேதியையும் பார்த்தேன். கேட்கட்டும் என்று சொல்லி அடியில் வைத்துவிட்டேன். அடுத்த ஞாயிறும் வந்தது, அடியில் வைத்தேன். கடைசி நாளுக்கு இன்னும் நாள் இருக்கிறதே என்று ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இதற்கிடையே எனக்கு ஒரு பெருமை வந்து சேர்ந்தது. தென்காசியில் ஆசிரியர்கள் கூட்டம் ஒன்றில் இணைய வகுப்பில் மரியாதையான உரையாடலை வளர்ப்பது எப்படி என்று பேசக் கூப்பிட்டார்கள். என் விதிகளின் புகழ் அதுவரை போயிருந்தது. வேட்டி சட்டை போட்டுக்கொண்டு போய் ஒரு மணி நேரம் பேசினேன். "தவறு செய்கிறவரை நாம் நடத்துகிற விதத்தில்தான் வகுப்பின் தரம் இருக்கிறது" என்றேன். கை தட்டினார்கள். ஊருக்குத்தான் உபதேசம் என்று நம் பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள். சால்வையும் போட்டார்கள்.

அதற்கு மறுநாள்தான் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். மிச்சமிருந்த மூன்று பேருக்குக் காலையில் போட்டேன். மேசையில் அவள் உறை மட்டும் கிடந்தது. அன்று முழுக்க அது என் முன்னால்தான் கிடந்தது. சாப்பிட்டேன், தூங்கினேன், எழுந்து வந்தேன், கிடந்தது. ஒரு போன் வந்தால் போட்டுவிடுவேன் என்று நினைத்தேன். அவள் ஏன் போன் பண்ணப் போகிறாள், அவளைப் பொறுத்தவரை விண்ணப்பம்தான் போட்டாயிற்றே. சாயங்காலம் கணினியை அணைத்தேன். அணைப்பதற்கு முன்பு குழுவில் ஒரு செய்தி போட்டேன்: "எல்லோருக்கும் விண்ணப்பம் போட்டாயிற்று. இனி படிப்பதை மட்டும் பாருங்கள்."

எல்லோரும் கும்பிட்டார்கள். அவள் எண்ணிலிருந்தும் ஒரு கும்பிடு வந்தது. அதைப் பார்த்தேன். இன்னும் சில மணி நேரம் மிச்சம் இருந்தது. கணினியைத் திரும்பப் போடவில்லை.

மறதி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். இந்த மாதிரிக் காரியங்களை மறதி என்று எழுதிக் கடந்துவிடுவது சுலபம்.

ஆனி பிறந்து சாரல் தொடங்கியது. ஹால் டிக்கெட் வந்தது. ஒரு மத்தியானம் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கதவில் ஒரு பெண் நின்றாள். முந்தானையால் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்ததே இல்லை, துண்டுகளைத்தானே பார்த்திருக்கிறேன். குரலை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது.

"சார், குத்தாலம் துண்டுக்கடை. தெரியுதா?"

"வாங்கம்மா, வாங்க."

அவள் உட்காரவில்லை. "சொல்லாமக் கொள்ளாம வகுப்ப விட்டுப் போயிட்டேன், மன்னிச்சுக்கிடுங்க சார். அன்னைக்கு மனசுக்கு ரொம்பக் கஷ்டமாப் போச்சு. ஆனா படிப்ப விடல. நீங்க குழுவுல போட்டதெல்லாம் கேட்டு, எல்லாப் பாடமும் ரெண்டு தரம் முடிச்சுட்டேன். மூணாந்தரம் ஓடிக்கிட்டு இருக்கு."

"நல்லது" என்றேன். 

"ஹால் டிக்கெட் வந்துட்டாமே. அங்கன பிரவுசிங் சென்டர்ல ஆதார் குடுத்துப் பாக்கச் சொன்னேன். அந்த ஆளு, உங்க பேர்ல விண்ணப்பமே இல்லன்னு சொல்லுதாரு சார். எனக்குன்னா வந்துது கோவம். எங்க சாரு போடாம இருப்பாவளா, ஒமக்கு ஒழுங்காப் பாக்கத் தெரியலன்னு சண்ட போட்டுட்டு வாரேன். கடையக்கூடப் பூட்டல. கொஞ்சம் எடுத்துத் தாங்க சார்."

நான் கணினி முன்னால் உட்கார்ந்தேன். என்னத்துக்கு உட்கார்ந்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. அவள் சேர்ந்தபோதே நான் செய்துவைத்திருந்த நிரந்தரப் பதிவின் எண்ணைப் போட்டேன், கடவுச்சொல்லைப் போட்டேன். அவள் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள். அவள் சேலையிலிருந்து ஈரம் சொட்டுவது கேட்டது. திரை திறந்தது. விண்ணப்பித்த தேர்வுகள் என்கிற இடத்தில் ஒன்றும் இல்லை.

"சர்வர்ல ஏதோ கோளாறு போல..." என்றேன்.

"எனக்கு வாசிக்கத் தெரியும் சார்."

திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. மேசையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பின்னாலிருந்து அவள் கேட்டாள்.

"மறந்துட்டியளா சார்?"

நான் அந்தப் பக்கத்தையே மறுபடி திறந்தேன்.

"மறந்துட்டேன்னு சொல்லுங்க சார். நான் நம்பிக்கிடுதேன்."

அவள் எனக்கு ஒரு வழி விட்டாள். நான் வெட்கமில்லாமல் அதில் புகுந்துகொண்டேன். "ஆமாம்மா. மறந்துட்டேன்."

அவள் "சரி" என்று சொல்லவில்லை. குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தாள். மற்ற உறைகளை எல்லாம் உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்திருந்தேன். கண்ணில் படாமல் இருக்க நான் கீழே தள்ளியிருந்த அவளுடையது மட்டும் பழைய தாள்களின் மேல் தனியாகக் கிடந்தது. அதை எடுத்தாள், உள்ளே எல்லாம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள், கையில் வைத்துக்கொண்டாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் ஏதாவது ஆறுதல் சொல்லி நல்லவனாகியிருப்பேன்.

"என்னைய நாலு பேரு முன்னாடி ஏசியிருக்கலாமே சார். 'ஏட்டி, ஒனக்குப் போட மாட்டேன், போ'ன்னு மொகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாம். எனக்கு ஒண்ணும் கொறஞ்சிருக்காது. நானே அந்த பிரவுசிங் சென்டர்ல போய்ப் போட்டிருப்பேனே. கால் மணி நேர வேல."

படியில் இறங்கும்போது செருப்பு வழுக்கியது போல, ஒரு நிமிடம் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். நான் எழுந்து போகவில்லை.

அவள் சொன்னது சரிதான். கால் மணி நேரம்கூட ஆகாது. மற்றவர்களுக்கெல்லாம் நான் பத்து நிமிடத்தில் போட்டேன்.